ஒன்பதாவது டயர்

இருதயராஜ் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வீக்கம் லேசாக உள்ளே போய், விரலை எடுத்ததும் ஒன்றுமே நடக்காதது போலப் பழையபடி மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், இல்லை, பாதி சாத்துக்குடி, கழற்றிப் போட்ட முன்சக்கரத்தின் பக்கவாட்டில், கறுப்பாக, வழவழவென்று. அர்த்தநாரி நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்து குனிந்து பார்த்தால் பயந்துவிட்டான் என்றாகிவிடும், பேரத்தில் முதலில் எழுந்தவன் பாதி தோற்றவன், அதுவும் இந்தச் சீரங்கன் கடையில், பத்து மாதத்துக்கு முன்னால் இதே பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து அடித்து வாங்கின டயர் இது. அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, அலைன்மெண்ட் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் காலையில் வந்தான், அரை மணி நேர வேலை, முடித்துக்கொண்டு மோகனூர்க் கோழிப்பண்ணைக்குப் போய்ப் பழைய தீவனச் சாக்கு எடுக்க வேண்டும். "இதோடயா ஓட்டிட்டு வந்தீங்?" என்றார் டயர் மாட்டும் இருதயராஜ். இதோடுதான். நேற்றுக் கரூர் போய் வந்ததும் இதோடுதான், நூறில், பைபாஸில், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு எவனையோ திட்டிக்கொண்டே. எவனை? ஞாபகமில்லை. திட்டு மட்டும் ஞாபகமிருக்கிறது. நேற்று அந்தப் பாலத்து வளைவில் இது வெடித்திருந்தால் கடைசி வார்த்தையாக அதுதான் வாயில் இருந்திருக்கும். முதுகுத்தண்டில் ஒரு எறும்பு ஊர்ந்தது. ஊரட்டும். "வீங்கினா என்னப்பா, உள்ள ஒரு ஒட்டு வச்சு ஒட்டிரு." "பஞ்சர் இல்லீங்ணா இது. உள்ளார நூலு அறுந்து போச்சு. இதுக்கு ஒட்டு கெடையாது. போற போக்குல பட்டுனு போகும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் பாட்டுக்குச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, ஈரத்துணியால் உள்பக்கத்தைத் துடைத்தார். வண்டியில் இருக்கும்போது கண்ணில் படாத பக்கம், சேறும் எண்ணெயும் அப்பியிருந்தது, துடைக்கத் துடைக்க ஒரு சின்ன முட்டைவடிவக் கட்டத்துக்குள் நாலு எண்கள் வெளியே வந்தன. இரண்டு, மூன்று, ஒன்று, ஏழு. "மாடல் நம்பர்தானே?" என்றான் அர்த்தநாரி. இருதயராஜ் கல்லாப்பக்கம் பார்த்தார், சீரங்கன் இல்லை, பேங்குக்குப் போயிருந்தான், இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார். "இல்லீங்ணா. பொறந்த தேதிங். பதினேழாம் வருஷத்துல இருபத்து மூணாவது வாரம். நீங்க வாங்கறப்பவே இதுக்கு ஏழு வயசு. எந்தத் தகரக் கொட்டாயில எத்தன வெயில் குடிச்சுதோ. ரப்பர் நிக்கறப்பயும் சாகுமுங், ஓடுனாத்தான் தேயும்னு இல்ல." "அப்ப இந்த நம்பரு ஏன் உள்ள இருக்குது? வெளிய இருந்தா நான் கேட்டிருப்பேன்ல?" இருதயராஜ் துணியைப் பிழிந்தார், பிழிய ஒன்றுமில்லாத துணி. "நான்தாங் மாட்டினேன். நம்பரு உள்ள இருக்கற மாதிரி மாட்டச் சொன்னாரு. எட்டையும்." எட்டையும். அந்தச் சொல் காற்றமுக்கும் இயந்திரத்தின் டப டப சத்தத்துக்குள் போய் விழுந்து திரும்பி வந்தது. எட்டு. நாலு இங்கே இருக்கிறது. மிச்ச நாலு?

மிச்ச நாலும் எங்கே இருக்கிறது என்று தெரியாமலா? தெரியும், சகலை வண்டியில். காலையில் இட்லித் தட்டை டொக்கென்று வைத்தபோதே பெண்டாட்டி தெய்வானை சொன்னாள், அவனைப் பார்க்காமல், கொத்துமல்லிச் சட்டினியைப் பார்த்து. "இன்னிக்கு என் தங்கச்சி பேத்திக்குக் கொல்லிமலையில காதுகுத்து. ஊரையே கூப்புட்டிருக்கா. நம்ம வீட்டுக்கு மட்டும் ஒரு போன் இல்ல. எட்டு மணிக்குத் திருச்செங்கோட்டுல இருந்து கெளம்பறாங்களாம், மூணாவது மனுஷி சொல்லித் தெரிய வேண்டியிருக்குது. எல்லாம் உங்க டயரால." அப்போது சிரித்தான். உங்க டயரால. இப்போது சிரிப்பு வரவில்லை. எட்டு மணிக்குக் கிளம்பினால், சகலை நாச்சிமுத்து ஐம்பதைத் தாண்ட மாட்டார், கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்த கால் அது, ஆக்சிலேட்டரையும் ரசீது பார்த்துத்தான் மிதிக்கும், அப்படியானால் ஒன்பதேகாலுக்கு நாமக்கல் தாண்டி, சேந்தமங்கலம் தாண்டி, ஒன்பதே முக்கால் பத்துக்கு மலையடிவாரம். இப்போது மணி ஒன்பது நாற்பது. அப்புறம் எழுபது கொண்டை ஊசி வளைவு. எழுபது. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் முழுப் பாரமும் ஒரு பக்கத்து டயரில் போய்ச் சாயும். பெரியவர்கள் ஐந்து பேர், ஒரு பதினொரு மாதக் குழந்தை, நாலு டயர், இருபத்து மூன்றாவது வாரம். ஏறும்போது ஒன்றும் ஆகாது, சும்மா இருடா, உன்னுடையது பத்து மாதம் ஓடவில்லையா. பத்து மாதம் ஓடித்தான் வீங்கியிருக்கிறது. அவருடையதும் பத்து மாதம்தான்.

போனை எடுத்தான். வைத்தான். எட்டு மாதமாக அழுத்தாத பெயர். எடுத்ததும் என்ன சொல்வது? 'ஏனுங் சகலை, நல்லாருக்கீங்களா, நான் வாங்கிக் குடுத்த டயர் வெடிக்கப் போகுது' என்றா? வாங்கிக் கொடுத்தது அவன்தான், அதில் சந்தேகமில்லை, அவனே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே ரக வண்டி, ஒரே அளவு டயர், நாலாக வாங்கினால் ஒரு விலை, எட்டாக வாங்கினால் வேறு விலை, நீங்க வாயைத் திறக்காதீங் சகலை, சும்மா பக்கத்துல உக்காருங், பேசறது நான். முதல் விலை சொல்கிறவன் பொய் சொல்கிறான், இரண்டாவது விலை சொல்கிறவன் யோசிக்கிறான், மூன்றாவது விலையில்தான் பொருள் இருக்கிறது, இதுதான் அர்த்தநாரி படித்த ஒரே பாடம், சைக்கிள் கேரியரில் சாக்குக் கட்டி, பண்ணை பண்ணையாகப் போய், ஒரு தீவன ஆலை வாட்ச்மேன் கையால் காரணமில்லாமல் கன்னத்தில் வாங்கி, அந்தக் கன்னத்தோடேயே அன்றைக்கு முப்பது சாக்குக்குப் பேரம் முடித்துப் படித்தது. அன்றைக்குச் சீரங்கன் மூன்றாவது விலைக்கு வந்துவிட்டான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் இறக்கு என்றான். சீரங்கன் வியர்த்தான், தண்ணீர் குடித்தான், உள்ளே போய் யாருக்கோ போன் பேசினான், வெளியே வந்து, "சரீங்ணா, உங்களுக்குன்னு வேற சரக்கு இருக்குது, நாளைக்கு வரும்" என்றான். வேற சரக்கு! அந்த வார்த்தையிலேயே எல்லாம் இருந்தது, நாலாவது விலையில் பொருள் மாறிவிட்டது, விலை இறங்கவில்லை, பொருள்தான் இறங்கியது, இவ்வளவு வருஷம் சந்தையில் குப்பை கொட்டினவனுக்குக் காது எங்கே போயிற்று? ஜெயித்த காது. ஜெயித்த காதில் எதுவும் விழாது. சகலை மட்டும் மெல்ல, "பில்லு போட்டுருவாங்கள்ல?" என்று கேட்டார். பொரி வாங்கினாலும் பில் கேட்கிற ஆள். "பில்லு போட்டா வரி சேரும் சகலை. பில்லு மேலயா வண்டி ஓடப்போகுது?" என்று சொல்லிச் சிரித்தது யார்? இதே நாற்காலி. அதே வாய்.

அப்புறம் அந்த ஒன்பதாவது. அதை நினைக்க வேண்டாம் என்று நினைத்தான், நினைத்துவிட்டான். எட்டு டயராக எடுக்க இன்னொரு ஆளைக் கூட்டி வந்ததற்காகச் சீரங்கன் அவனுக்கு மட்டும் ஸ்டெப்னிக்கு ஒரு டயர் சும்மா கொடுத்தான். சகலையிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, பேசினவனுக்குக் கூலி. அது தெய்வானை வாய் வழியாகத் தங்கச்சி பூங்கொடி காதுக்குப் போய், பூங்கொடி காதிலிருந்து நாச்சிமுத்துவிடம் வந்து, ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தியில், அர்த்தநாரி நாலு பேர் நடுவில் 'என்னாலதான் சகலைக்கு அவ்வளவு மிச்சம்' என்று முழங்கிக்கொண்டிருந்தபோது, அந்த மனுஷர் ரசத்தை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆமாங், எனக்கு மிச்சம், உங்களுக்குத் தரகு. சொந்தக்காரங்கிட்டயே தரகு பாத்த மொத ஆளு எங்க சகலைதான்." பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவன்கூடச் சிரித்தான். அர்த்தநாரி இலையை மடித்துவிட்டு எழுந்து போனவன்தான், எட்டு மாதம் பேச்சில்லை. அந்த ஒன்பதாவது டயர் இதோ, பத்தடி தூரத்தில், டிக்கியில், கம்பளிப் போர்வைக்குக் கீழே கிடக்கிறது. ஒருநாள்கூட ரோட்டைத் தொடாத டயர். அதற்கும் நம்பர் அதேதான் இருக்கும். பார்க்க வேண்டியதில்லை. சரி, போனை அழுத்து. அழுத்தினான். மணி போய்க்கொண்டே இருந்தது, முருகன் பாட்டு ஒன்று முழுச் சரணமும் ஓடி நின்றுபோனது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார் சகலை. நல்ல பழக்கம். நாசமாய்ப் போன நல்ல பழக்கம். பூங்கொடிக்கு அடித்தான், தொடர்பு எல்லைக்கு வெளியே. எல்லைக்கு வெளியே என்றால் மலை ஏறிவிட்டார்களா? மூன்றாவது வளைவா, நாலாவதா? அந்தக் குழந்தையை அவன் பார்த்ததே இல்லை. அதன் அம்மா கோகிலாவைத் தெரியும், நாலு வயதில் அவன் குடோனில் சாக்குக் கட்டு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா, இது என் மலை, நீ கீழ நில்லு" என்று உத்தரவு போட்டவள்.

சாக்கு. எங்கே சுற்றினாலும் சாக்குக்கே வந்து நிற்கிறது புத்தி, கட்டின மாடு மாதிரி. ஐம்பது சாக்கு ஒரு கட்டு. கட்டு கட்டும்போது நடுவில் இரண்டு கிழிசலை வைப்பது வழக்கம். அவன் கண்டுபிடித்தது அல்ல, நாமக்கல்லில் சாக்கு வியாபாரம் தொடங்கின காலத்திலிருந்து இருக்கிறது, வாங்குகிறவனுக்கும் தெரியும், கட்டுக்கு ரெண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. ஒருதரம், கல்யாணமான புதிதில், தானே விற்ற சாக்கில் மக்காச்சோளம் ஏற்றின வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் போயிருக்கிறான், எருமப்பட்டி ரோட்டில். கிழிசல் வழியாகச் சோளம் ஒழுகிக்கொண்டே போனது, மஞ்சளாக, ஒரே கோடு, இரண்டு மைல், காக்காய் ஒவ்வொன்றாக இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாக்கு தன்னுடையது என்று தெரிந்துபோகும். பின்னாலேயே போனான், சோளத்தின் மேல் சைக்கிள் ஏறாமல் ஒதுக்கி ஒதுக்கி. என்ன நஷ்டம், ஒரு படி சோளம். சாக்குக் கிழிந்தால் சோளம் கொட்டும். அதற்கு மேல் அவன் யோசனை போகவில்லை, போகாதபடி பிடித்துக்கொண்டான், ஆனால் அது அறுத்துக்கொண்டு போய், ஒரு வளைவு, ஒரு கைப்பிடிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம். கட்டுக்கு ரெண்டு. சீரங்கனுக்கும் அப்படி ஏதாவது ஒரு கணக்கு இருக்கும். தொழிலில் இதெல்லாம் இருக்கிறதுதான் என்று அவன் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பான்.

அந்த நேரத்தில்தான் சீரங்கன் பைக்கை நிறுத்திவிட்டு, "வாங்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்று வந்தான். எழுந்துவிட்டான் அர்த்தநாரி. பேரத்தில் முதலில் எழக்கூடாது என்பதெல்லாம் எங்கோ போயிற்று. "டீயா? டேய், கருமாதிக்கு டீ ஊத்தறயா? ஏழு வருஷத்துப் பொணத்தைத் துடைச்சு, பாலிஷ் போட்டு, புள்ளைகுட்டி போற வண்டியில மாட்டி விட்டுட்டு, டீ சொல்றயா நீ?" பக்கத்துக் கடை வெல்டிங்காரன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். சீரங்கன் அசையவில்லை, வியாபாரி. "மொதல்ல உக்காருங்ணா. பில்லு இருக்குதுங்களா?" "பில்லா? எனக்கு நீ பில்லே போடல." "நீங்கதானுங் வேண்டாம்னீங்க. பில்லு இருந்தாக் கம்பெனிக்கு எழுதலாம், ஆளு வந்து பாப்பான், புதுசு வாங்கித் தரலாம். இல்லாததுக்கு நான் என்ன பண்றது?" "கலெக்டர் ஆபீசுல நுகர்வோர் கோர்ட்டு இருக்குதுடா! இந்த டயரைத் தோள்ல போட்டுக்கிட்டே போறேன் பாரு." "போங்ணா. அங்கயும் மொதக் கேள்வி அதான் கேப்பான்." பிறகு சீரங்கன் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை, அர்த்தநாரிக்கு நடிப்புத் தெரியும். "நான் நல்ல டயருக்கு நல்ல வெலை சொன்னேனா இல்லீங்களா? அதுக்குக் கீழ கெடையாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டேனா இல்லீங்களா? இன்னும் எறக்கு, இன்னும் எறக்குன்னு மூணு மணி நேரம். கடைசியில 'உனக்கு வியாபாரம் பண்ணத் தெரியல, கடையை இழுத்து மூடு'ன்னீங்க, என்ற சம்சாரம் முன்னால. உங்க வெலைக்கு அதுதான் இருந்துச்சு. குடுத்தேன். தப்புத்தான். ஆனாக் கேட்டது நீங்க." அவன் சொன்னது முழுப்பொய் என்றால் அர்த்தநாரி கை ஓங்கியிருப்பான். பாதி நிஜம், அந்தப் பாதிதான் கையைப் பிடித்துக்கொண்டது. சட்டைப் பையில் போன் நடுங்கியது.

சகலை. "நான்தானுங், அர்த்தநாரி." "தெரியுது. நம்பரை இன்னும் அழிக்கல." "எங்க இருக்கீங்?" "காரவள்ளியில. மலையடிவாரம். கோகிலா புள்ளைக்குப் பால் குடுக்கறா. குடுத்து முடிச்சா ஏறிருவோம். ஏன், கூப்புடலைன்னு சண்டை போடறதுக்கா?" அடிவாரம். இன்னும் ஏறவில்லை. அர்த்தநாரிக்குச் சுவர் வேண்டியிருந்தது, டயர் அடுக்கில் சாய்ந்துகொண்டான். "ஏறாதீங் சகலை. டயர் சரியில்ல." அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன், பிறகு சிரிப்பு, ரசம் உறிஞ்சின அதே சிரிப்பு. "எவனுக்கும் கெடைக்காத டயர்னீங்களே? பத்து மாசத்துல கெட்டுப் போச்சா? இல்ல, நாங்க சாமி கும்பிடப் போறது பொறுக்கலையா?" வாய் நிறைய வந்தது அர்த்தநாரிக்கு. இப்படிப்பட்ட இடத்தில் இதுவரை அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான், மேலே பேசினவனுக்கு அதற்கு மேலே பேசிவிட்டுப் போனை வைப்பது. வை. வைத்துவிட்டால் அவர் ஏறுவார். வந்த சொல்லை மென்று விழுங்கினான், வேப்பங்கொழுந்து மாதிரி இறங்கியது. "ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு நிறுத்துங். முன்டயருக்கு உள்பக்கம் பாருங், சின்னதா ஒரு கட்டத்துக்குள்ள நாலு நம்பரு இருக்கும்." "பட்டுவேட்டி கட்டிருக்கறேனுங். நீங்க சொன்னீங்கன்னு நான் மண்ணுல மண்டி போடோணுமா?" "போடோணும்." எந்த விலையும் நினைவுக்கு வரவில்லை, இதற்குப் பதிலாக எதை இறக்குவது, எதை ஏற்றுவது, ஒன்றும் தெரியவில்லை, சும்மா சொன்னான்: "ஸ்டெப்னி வாங்குனது தப்பு. உங்ககிட்ட மறைச்சது தப்பு. பில்லு வேண்டாம்னது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. நீங்க கேட்டது சரி. இப்ப மண்டி போட்டுப் பாருங் சகலை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சீரங்கன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். போனில் கதவு திறக்கும் சத்தம், பூங்கொடியின் குரல், "யாருங்க அது?" "உங்கக்கா வீட்டுக்காரரு. டயரைப் பாக்கச் சொல்றாரு." "இன்னும் அந்த டயரை விடலையா அவரு!" பிறகு மூச்சு வாங்கும் சத்தம், அறுபது வயது முழங்கால் மண்ணில் ஊன்றும் சத்தம், கேட்காத சத்தம்தான், அர்த்தநாரிக்குக் கேட்டது. "இருபத்திமூணு... பதினேழு." "சகலை. வெடிப்பு வெடிப்பா இருக்குதுங். நகம் உள்ள போகுது." "ம்." "புள்ளை இப்பத்தான் கண்ணசந்துச்சு. அது பால் குடிச்சதும் ஏறலாம்னு சாவியப் போட்டு வச்சிருந்தேன். போன்ல உங்க பேரு கெடந்துச்சு. அக்காளுக்கு ஏதோன்னு நெனச்சுத்தான் திருப்பிக் கூப்புட்டேன்."

நாச்சிமுத்துதான் முதலில் பேசினார். "ஒன்றரைக்குள்ள காது குத்தோணும்." "நான் வர்றேன். ஒரு மணி நேரம் குடுங். எல்லாரும் என் வண்டியில இடிச்சுக்கிட்டு உக்காந்துக்கலாம், அட்ஜஸ்ட் பண்ணிக்..." சொல்லிக்கொண்டே வந்தவன் கீழே கிடந்த வீக்கத்தைப் பார்த்தான். "வேண்டாம். பொம்பளைங்களும் புள்ளையும் வண்டியில வரட்டும். நீங்களும் மாப்ளையும் பஸ்ல வந்துருங்." "அக்காளையும் கூட்டிட்டு வாங்க" என்றார் நாச்சிமுத்து, வைக்கப்போனவர் வைக்காமல், "பில்லு வாங்கிருங், சகலை. தேதியோட" என்றார்.

"வெலையைச் சொல்லு சீரங்கா. இந்த வருஷத்துத் தேதி போட்டது, நம்பரு வெளிய தெரியற மாதிரி. எனக்கு ஸ்டெப்னியோட அஞ்சு. அவருக்கு அஞ்சு, இருதயராஜ் நாளைக்குக் காரவள்ளிக்கே போய் மாட்டிட்டு வரோணும்." சீரங்கன் பழக்கதோஷத்தில் ஒரு விலை சொன்னான், அர்த்தநாரிக்கென்றே வைத்திருக்கும் விலை, இறங்குவதற்கு இடம் விட்டுச் சொன்ன விலை. சொல்லிவிட்டு உடம்பை இறுக்கிக்கொண்டான், அடி வாங்கப் போகிறவன் மாதிரி. "சரி" என்றான் அர்த்தநாரி. "சரிங்களா?" "சரின்னேன்ல. பில்லுப் போடு." சீரங்கன் கால்குலேட்டரை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். "அண்ணா, அது... மொத வெலைங்க. இருங்." தானே ஒரு தரம் இறக்கினான். தானே இன்னொரு தரமும் இறக்கினான். பிறகு தலையைத் தூக்காமல், "அந்த எட்டுக்கும் நீங்க குடுத்ததை முழுசாக் கழிச்சுக்கறேனுங்" என்றான். இத்தனை வருஷத்தில் அர்த்தநாரி வாயைத் திறக்காமல் இறங்கின முதல் விலை. ஆனால் பேரம் முடிந்துவிடவில்லை. "இந்த நாலையும் இப்ப, என் கண்ணு முன்னால, பக்கத்தை வெட்டு. அவரோட நாலையும் நாளைக்குக் கழட்டற எடத்துலயே வெட்டோணும்." "வெட்டறதுங்களா? மாட்டு வண்டிக்குப் போகுமுங்ணா, ஏன் வீணா..." "மாட்டு வண்டிக்குப் போகாது. என்னை மாதிரி ஒருத்தன் வந்து, அந்த நாற்காலியில உக்காந்து, எறக்கு எறக்குன்னு கேப்பான். அவனுக்குப் போகும்." இதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. சீரங்கன் ஒன்றை மட்டும் விடச் சொன்னான், ஊஞ்சல் கட்ட என்றான், அர்த்தநாரி அசையவில்லை. கடைசியில் இருதயராஜ் யாரையும் கேட்காமல் ரம்பக்கத்தியை எடுத்து முதல் டயரில் ஏறி நின்றார். கரகரவென்று, ஒரு மாதிரிக் கேவலோடு, வீக்கம் இரண்டாகப் பிளந்தது, உள்ளே நரைத்த தலைமுடி மாதிரி நூல்.

புது டயர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது கட்டுக்கு ரெண்டு மறுபடி வந்தது. போடா, வேறு வேலையில்லையா, அதுவும் இதுவும் ஒன்றா, சோளம்தானே கொட்டும். சரி, கட்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். அவனுக்கே சிரிப்பு வந்தது, யாரிடம் பேரம் பேசுகிறான்? நாலாவது டயர் வெட்டுப்பட்ட சத்தத்தில், ஒன்றும் வேண்டாம் என்றான், வாய்விட்டே சொல்லியிருப்பான் போலிருக்கிறது, இருதயராஜ் திரும்பி, "என்னங்ணா?" என்றார். அர்த்தநாரி போய் டிக்கியைத் திறந்தான். கம்பளியை விலக்கினான். ஒன்பதாவது, ரிம்மில் ஏறிய நாளிலிருந்து கம்பளியோடு தூங்கினது, மேலே குட்டிக் குட்டி ரப்பர் மயிர்கள்கூட உதிராமல், பார்த்தால் இன்றைக்குப் பிறந்த டயர் என்றுதான் யாரும் சொல்வார்கள். தூக்கும்போது அந்தப் பந்தி ஞாபகம் வந்தது, பாயசக்காரன் ஞாபகம் வந்தது, கனம் இருந்தது, பரவாயில்லை. இருதயராஜ் காலடியில் உருட்டிவிட்டான். "ரிம்ம மட்டும் கழட்டிக்கிட்டு இதையும் வெட்டிருங்க." சீரங்கன் அதைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், போய் டீ சொல்லிவிட்டு வந்தான்.

தெய்வானைக்குப் போன் போட்டான். "பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு வாசல்ல நில்லு. காதுகுத்துக்குப் போறோம். உன் தங்கச்சி வீட்டுக்காரரே கூப்புட்டாரு." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "நெசமாவா? வண்டி என்னாச்சுங்க, அலைன்மெண்ட்டு?" "டயரு மாத்தியாச்சு. அஞ்சும் புதுசு." "அஞ்சுமா! எத்தன மணி நேரம் பேசினீங்க? என்ன வெலைக்கு முடிச்சீங்க?" "அவன் சொன்ன வெலைக்கு." தெய்வானை மெல்ல, கவலையோடு, "ஏனுங்க, உடம்பு நல்லாத்தான இருக்குது உங்களுக்கு?" என்று கேட்டாள். அர்த்தநாரி குனிந்தான், எல்லோரும் பார்க்கக் குனிந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலை மண்டியிட்டு, வெளிப்பக்கம் பளிச்சென்று தெரிந்த நாலு எண்ணை ஒருதரம் வாய்க்குள் படித்துவிட்டு, கட்டைவிரலை வைத்து அழுத்தினான். உள்ளே போகவில்லை.

"நல்லாத்தான் இருக்குது" என்றான்.